மெய்நிகர் பறப்பு: தலையணியை மாற்றுவதா, வைத்திருப்பதா?

2024ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் முதலாம் திகதி மைக்ரோசொவ்ட் நிறுவனம் தனது விண்டோஸ் 11 இயங்குதளத்தின் 24எச்2 என்னும் புதிய பதிப்பை வெளியிடத் தொடங்கியது. ஆண்டுதோறும் வெளிவரும் இத்தகைய பதிப்புகளைப் பெரும்பாலானோர் பொருட்படுத்துவதில்லை. இரவில் கணினி தானே அதனை நிறுவிக்கொள்ளும், காலையில் ஓரிரு சின்னங்கள் இடம் மாறியிருக்கும், அவ்வளவுதான். ஆனால், இம்முறை உலகெங்கும் ஒரு சிறு தொகையினருக்கு அந்தக் காலை வேறுவிதமாக விடிந்தது. அவர்களது மேசையிலிருந்த, எந்தப் பழுதும் இல்லாத, சிலரிடத்தில் மூன்று ஆண்டு கூட நிரம்பாத கருவியொன்று கணினியால் அடையாளம் காணப்படாத வெற்றுப் பொருளாகிவிட்டிருந்தது.

அந்தக் கருவி, வி.ஆர். ஹெட்செட் எனப்படும் மெய்நிகர் தலையணி. அதனைப் பறிகொடுத்தவர்களுள் கணிசமானோர் வீட்டிலிருந்தவாறே கணினியில் விமானமோட்டிப் பழகும் ஆர்வலர்கள். மெய்நிகர்த் தொழில்நுட்பத்தில் பணத்தைச் செலவிட்டோருள் மிகவும் பொறுமைசாலிகளும் மிகவும் விடாப்பிடியானோரும் இவர்களே எனலாம். புதிய தலையணி வாங்குவதா, இருப்பதை வைத்துச் சமாளிப்பதா என்ற கேள்வி அவர்களுக்கு எப்போதும் உள்ளதுதான். ஆனால், அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை பாவனையாளருக்கு உரியதா, மென்பொருளை ஆக்கியவருக்கு உரியதா என்ற சந்தேகத்தை 2024ஆம் ஆண்டின் அந்நிகழ்வு எழுப்பிவிட்டது.

இத்துறையோடு பரிச்சயமற்ற வாசகர்களுக்காகச் சில விடயங்களைத் தொடக்கத்திலேயே கூறிவிடுவது நன்று. சிமுலேட்டர் எனப்படும் பறப்புப் பயிற்சிப் பொறி கணினியின் குழந்தையன்று. அமெரிக்காவின் பிங்ஹாம்டன் நகரில் திரையரங்குகளுக்கான ஓர்கன் இசைக்கருவிகளைத் தயாரித்து வந்த குடும்பமொன்றைச் சேர்ந்த எட்வின் லிங்க் என்பவர், அந்த ஓர்கனின் துருத்திகளையும் காற்றுக் குழாய்களையும் கொண்டே 1929இல் தமது முதலாவது பயிற்சிப் பொறியை அமைத்தார். ஆரம்பத்தில் களியாட்டப் பூங்காக்களே அதனை வாங்கின. 1934இல் அமெரிக்க இராணுவ விமானிகள் தபால் பொதிகளைக் கொண்டுசெல்லப் பணிக்கப்பட்டு, மோசமான காலநிலையில் பலர் அடுத்தடுத்து உயிரிழந்த பின்னரே, கருவிகளை மாத்திரம் நம்பிப் பறக்கும் பயிற்சியின் அவசியம் உணரப்பட்டது. இராணுவம் லிங்கின் பொறிகளுள் ஆறினை வாங்கியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட விமானப் படையினர் அவரது பொறிகளில் பயிற்சி பெற்றதாகக் கூறப்படுகிறது.

வீட்டுக் கணினிக்கு இக்கலை வந்துசேர்ந்தது 1979இல். புரூஸ் ஆர்ட்விக் என்பவர் அப்பிள் 2 கணினிக்காக எழுதிய மென்பொருள் 1982இல் மைக்ரோசொவ்ட் நிறுவனத்தின் பெயரில் ஐ.பி.எம். கணினிகளுக்கு வந்தது. சில கோடுகளால் வரையப்பட்ட நகரமும் தட்டையான நிலமுமே அன்று காட்சியாகின. அதே வரிசையில் 2020 ஓகஸ்டில் வெளிவந்த பதிப்போ, செய்மதிப் படங்களைக் கொண்டு முழுப் பூமியையும் திரைக்குக் கொணர்ந்தது. அவ்வாண்டு டிசெம்பரில் அதற்கு மெய்நிகர் தலையணி ஆதரவும் வழங்கப்பட்டது. 2024 நவம்பரில் அதற்கு அடுத்த பதிப்பும் வெளியாயிற்று. எக்ஸ்-பிளேன், போர் விமானங்களுக்கான டி.சி.எஸ். வேர்ல்ட் என்பன இத்துறையின் ஏனைய பெரும் மென்பொருள்கள்.

இக்கட்டுரையாளர் அத்தகைய தலையணியை ஒரேயொரு தடவை, உறவினர் வீடொன்றில், சுமார் இருபது நிமிடம் அணிந்து பார்த்ததுண்டு. விமானத்தைச் செலுத்தியவன் பதினாறு வயது மருமகன். கதிரையின் கைப்பிடியை இறுகப் பற்றியிருந்தது மாத்திரமே எமது பங்களிப்பு. பலாலி ஓடுபாதையை விட்டு மேலெழுந்து விமானம் சரிந்து திரும்பியபோது, தலையைத் திருப்பி இறக்கைக்குக் கீழே பார்த்தோம். வடக்கே கடற்கரை வெண்கோடாய்க் கிடந்தது. அது கணினிப் படம் என்று அறிவு சொன்னாலும், வயிறு அதனை ஒப்புக்கொள்ளவில்லை. இவ்வளவு பணத்தைக் கொட்டி இதனை ஏன் வாங்குகிறார்கள் என்ற எமது ஏளனம் அந்த ஒரு திருப்பத்திலேயே பாதியாகக் குறைந்துவிட்டது.

தட்டையான திரைக்கும் தலையணிக்கும் உள்ள மெய்யான வேறுபாடு இந்தத் தலை திருப்பலிலேயே இருக்கிறது. சிறு விமானமொன்றைத் தரையிறக்கும் விமானி, ஓடுபாதைக்கு இணையாகப் பறந்து, பின் இருமுறை செங்கோணமாகத் திரும்பி அதன் நேர்க்கோட்டுக்கு வருகிறார். இவ்வேளையில் ஓடுபாதை அவருக்கு முன்னால் இருப்பதில்லை. தோளுக்கு அப்பால் இருக்கிறது. எப்போது திரும்ப வேண்டும் என்பதை அவர் தோளுக்கு மேலாகப் பார்த்தே தீர்மானிக்கிறார். மேசைத் திரையில் இதற்கென ஒரு பொத்தானை அழுத்திக் காட்சியை மாற்ற வேண்டும். காட்சி மாறியதும் திசையுணர்வு குலைந்துவிடும். தலையணியில் கழுத்தைத் திருப்பினால் போதும். பக்கவாட்டுக் காட்சி நகரும் வேகத்தைக் கொண்டு தரைக்கு மேலுள்ள உயரத்தை மதிப்பிடும் பழக்கமும் இதனோடு சேர்ந்தே வருகிறது. இந்த அனுபவத்தைப் பெற்ற ஒருவர் மீண்டும் தட்டைத் திரைக்குத் திரும்புவது அபூர்வம். எனவேதான், இவர்களைப் பொறுத்தவரை தலையணி செயலிழத்தல் என்பது விளையாட்டுப் பொருளொன்று உடைந்த விடயமன்று.

அவ்வாறாயின், நல்லதொரு தலையணி என்பது எது? விற்பனையாளர்கள் முதலில் நீட்டும் இலக்கம் படப்புள்ளிகளின், அதாவது பிக்சல்களின், தொகையாகும். 2016இல் வெளிவந்த முதலாவது ஒக்கியுலஸ் ரிவ்ட் தலையணியில் ஒவ்வொரு கண்ணுக்கும் 1080க்கு 1200 புள்ளிகள் இருந்தன. 2020 நவம்பரில் வெளிவந்த எச்.பி. நிறுவனத்தின் ரிவெர்ப் ஜீ2 இல் 2160க்கு 2160. மெற்றாவின் குவெஸ்ட் 3 இல் 2064க்கு 2208. பைமக்ஸ் கிரிஸ்டல் வகையில் 2880க்கு 2880. இரு கண்களுக்கும் கூட்டிப் பார்த்தால், முதலாவதில் சுமார் 26 இலட்சம் புள்ளிகள். இறுதியானதில் சுமார் 166 இலட்சம்.

இந்தத் தொகையை விட முக்கியமான ஓர் அளவு உண்டு. பார்வைப் புலத்தின் ஒவ்வொரு பாகைக்கும் எத்தனை புள்ளிகள் கிடைக்கின்றன என்பதே அது. குறையற்ற மனிதக் கண் ஒரு பாகைக்குள் ஏறத்தாழ 60 புள்ளிகள் வரை பிரித்தறியும். முதல் தலைமுறைத் தலையணிகளில் அது பன்னிரண்டு அளவிலேயே நின்றது. குவெஸ்ட் 3 இல் 25 என்றும், பைமக்ஸ் கிரிஸ்டலில் 35 என்றும் அவற்றின் தயாரிப்பாளர்கள் குறிப்பிடுகின்றனர். ஆகவே, கண்ணின் ஆற்றலை எந்த வீட்டுத் தலையணியும் எளிதில் எட்டிவிடவில்லை. ஏனைய விளையாட்டுகளுக்கு இது பெரிய குறையல்ல. பறப்பில் மாத்திரம் இது உயிர்நாடி. உயரமானியின் சிறு எழுத்துகளையும், வானொலி அலைவரிசையின் இலக்கங்களையும், தொலைவிலே புள்ளியாய்த் தெரியும் ஓடுபாதையையும் விமானி வாசித்தாக வேண்டும். பழைய தலையணியில் பறப்பவர், வாசிகசாலையில் மூக்குக்கண்ணாடியை மறந்து வந்த முதியவரைப் போல ஒவ்வொரு கருவியிடமும் குனிந்து குனிந்து செல்வார். ரிவெர்ப் ஜீ2 வெளிவந்தபோது பறப்பு ஆர்வலர்கள் அதனைக் கொண்டாடியமைக்குக் காரணம், குனியாமலே கருவிகளை வாசிக்கக்கூடிய தெளிவை 599 டொலருக்கு அது தந்தமையே.

இந்த இடத்திலேதான் வாங்குபவர் வழி தவறுகிறார். புள்ளிகள் கூடினால் காட்சி தெளியும் என்பது உண்மை. ஆனால், அந்தப் புள்ளிகளை நிரப்ப வேண்டியது தலையணியன்று, கணினியே. தலையணியின் வில்லை படத்தை வளைத்துக் காட்டுவதால், அந்த வளைவை முன்கூட்டியே ஈடுசெய்யும் பொருட்டு, திரையில் உள்ளதை விடப் பெரிய படமொன்றைக் கணினி வரைய வேண்டியிருக்கிறது. ரிவெர்ப் ஜீ2 இல் முழுத் தெளிவைப் பெற ஒவ்வொரு கண்ணுக்கும் ஏறத்தாழ 3100க்கு 3100 என்ற அளவில் படம் வரையப்படுகிறது. இரு கண்களுக்குமாக அது 190 இலட்சம் புள்ளிகளைத் தாண்டும். 4கே எனப் பெருமையாக விற்கப்படும் தொலைக்காட்சித் திரையில் இருப்பவை 83 இலட்சம் புள்ளிகளே. அதுவும் செக்கனுக்கு 90 தடவை இப்படம் புதுப்பிக்கப்பட வேண்டுமானால், ஒவ்வொரு படத்துக்கும் கணினிக்குக் கிடைக்கும் அவகாசம் 11 மில்லிசெக்கன்.

நகரத்துக் கட்டடங்கள், மேகங்கள், ஏனைய விமானங்கள் என்பவற்றோடு கூடிய பறப்புக் காட்சியை இந்த அவகாசத்துள் வரைந்து முடிக்கும் வீட்டுக் கணினிகள் மிகச் சிலவே. ஆகையால், பெரும்பாலானோர் செக்கனுக்கு 45 படங்களை வரையச் செய்து, இடைப்பட்ட படங்களை முந்திய படத்திலிருந்து ஊகித்து நிரப்பும் முறையைக் கையாள்கின்றனர். நிதானமாகப் பறக்கும் பயணிகள் விமானத்தில் இது போதுமானது. ஹெலிகொப்டரில் தரைக்கருகே மிதக்கும்போதோ, போர் விமானத்தில் சுழலும்போதோ, ஊகித்த படங்களின் ஓரங்கள் நெளிவதைக் கண் கண்டுபிடித்துவிடும். தலைசுற்றலும் குமட்டலும் அங்கிருந்தே ஆரம்பிக்கின்றன. கண் அசைவைச் சொல்ல, உட்காதின் சமநிலை உறுப்பு அசைவின்மையைச் சொல்ல, மூளை இரண்டுக்கும் நடுவே அகப்பட்டுக்கொள்வதே இக்குமட்டலின் அடிப்படை. படம் தாமதித்தால் அம்முரண்பாடு மேலும் கூர்மையடைகிறது. புதிய தலையணி வாங்கிய மகிழ்ச்சியில் பறக்கத் தொடங்கிய ஒருவர் முன்பு இல்லாத தலைசுற்றலை அனுபவிப்பாராயின், அவர் தமது கணினியால் சுமக்க முடியாத ஒன்றை வாங்கிவிட்டார் என்பதே பெரும்பாலும் பொருள்.

இதற்கொரு எளிய பரிசோதனை உண்டு. கடைக்குச் செல்லுமுன் இதனைச் செய்து பார்ப்பவர்கள் மிகக் குறைவு என்பதால் சற்று விரிவாகவே கூறுகிறோம். இப்போதுள்ள தலையணியிலேயே, படம் வரையப்படும் அளவை அமைப்புகளில் பாதியாகக் குறைக்க வேண்டும். ஊகித்து நிரப்பும் முறையையும் அச்சமயம் நிறுத்திவிட வேண்டும். பின்னர் ஒரே விமான நிலையத்திலிருந்து, ஒரே காலநிலையில், முன்பு போலவே பறந்து பார்க்க வேண்டும். செக்கனுக்கான படங்களின் எண்ணிக்கை வெகுவாகக் கூடினால், இதுவரை தடையாயிருந்தது கிராபிக்ஸ் அட்டை. அவ்வாறாயின், கூடிய புள்ளிகள் கொண்ட தலையணி அந்த அட்டையின் மீது மேலும் பாரமேற்றும். எண்ணிக்கை கூடவே இல்லையெனில், தடையாயிருப்பது கணினியின் புரொசசர். பறப்பு மென்பொருள்களில் வேலையின் பெரும் பகுதி ஒரேயொரு செயற்பாட்டு இழையின் மீது விழுவதால் இது அடிக்கடி நேர்வது. அந்நிலையில் கிராபிக்ஸ் அட்டைக்கு ஓய்வு இருக்கிறது. அந்த ஓய்வைத் தெளிவான தலையணியொன்றுக்குப் பயன்படுத்தலாம். படம் தெளியும், ஆனால், ஓட்டம் விரைவுபடாது. இரண்டில் எது தமக்கு வேண்டியது என்பதை ஒருவர் அப்போதே தீர்மானிக்க முடியும்.

கிராபிக்ஸ் அட்டை தான் குறை என்று தெரியவருமாயின் செலவு வேறு திசையில் செல்கிறது. என்விடியா நிறுவனத்தின் உயர்தர அட்டையான 4090, 2022 செப்டெம்பரில் 1,599 டொலராக அறிவிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் வந்த 5090இன் அறிவிக்கப்பட்ட விலை 1,999 டொலர். தலையணியின் விலையைக் கணக்கிட்டவர்கள் இந்தத் தொகையைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கலியாணச் செலவைக் கணக்கிட்டுப் பந்தற்செலவை மறந்த கதைதான்.

இச்சுமையைக் குறைக்கும் வழியொன்றும் விருத்தியடைந்து வருகிறது. மனிதக் கண் தான் நேராக நோக்கும் சிறு வட்டத்தை மாத்திரமே கூர்மையாகக் காண்கிறது. கண் எங்கே நோக்குகிறது என்பதைத் தலையணி கண்டறிந்து, அந்த இடத்தை மாத்திரம் முழுத் தெளிவோடும் ஏனைய பகுதியைக் குறைந்த தெளிவோடும் வரையச் செய்தால் வேலை வெகுவாகக் குறையும். டி.சி.எஸ். வேர்ல்ட் பாவனையாளர்கள் இதனால் நல்ல பயன் கண்டுள்ளனர். ஆனால், தலையணியில் கண் நோக்கை அறியும் கருவி இருக்க வேண்டும். மென்பொருளும் அதனைப் பயன்படுத்த வேண்டும். இரண்டுள் ஒன்று இல்லாவிடினும் அது விளம்பரத்தாளில் மாத்திரம் இருக்கும் வசதியே.

புள்ளிகளை விட்டு வில்லைகளுக்கு வருவோம். ரிவெர்ப் ஜீ2 உள்ளிட்ட பழைய தலையணிகள் வட்ட வட்டமாகச் செதுக்கப்பட்ட பிரெனல் வில்லைகளைக் கொண்டவை. அவற்றின் நடுப்பகுதி மாத்திரமே தெளிவானது. சற்றே விலகினாலும் படம் மங்கும். ஆகவே, பக்கத்திலுள்ள கருவியைப் பார்க்க விழியைத் திருப்பாமல் தலையையே திருப்ப வேண்டும். குவெஸ்ட் 3 போன்றவற்றிலுள்ள பான்கேக் வில்லைகள் ஓரம் வரையும் தெளிவைத் தருகின்றன. இலக்கங்களில் இரண்டு தலையணிகளும் ஏறத்தாழ ஒன்றே என்றாலும், இரண்டையும் அணிந்து பார்ப்பவர் அவற்றை ஒன்றெனக் கூறமாட்டார். ஆனால், குவெஸ்டுக்கு ஒரு குறையும் உண்டு. கணினியின் திரை இணைப்பைப் பெறும் துளை அதில் இல்லை; படம் சுருக்கப்பட்டு, யூ.எஸ்.பி. வடத்தின் ஊடாகவோ வைபை ஊடாகவோ அனுப்பப்பட்டு, மறுமுனையில் விரிக்கப்படுகிறது. இதனால் கிராபிக்ஸ் அட்டைக்கு மேலதிக வேலை, தூரத்துக் காடுகளிலும் புல்வெளிகளிலும் சிறு சிதைவுகள், சிறிது தாமதம். இவ்விடயத்தில் பழைய ரிவெர்ப் ஜீ2 நேரடி இணைப்பின் சலுகையை அனுபவித்தது.

முகத்தின் அளவும் ஒரு காரணி. இரு கண்மணிகளுக்கும் இடையிலான தூரம் வளர்ந்தோரிடத்தில் சராசரியாக 63 மில்லிமீற்றர். ரிவெர்ப் ஜீ2 இல் வில்லைகளை 60 முதல் 68 மில்லிமீற்றர் வரையே நகர்த்தலாம். இந்த எல்லைக்கு வெளியே உள்ளவருக்கு எத்தனை இலட்சம் புள்ளிகள் இருந்தும் பயனில்லை. எடையும் அவ்வாறே. அரைக் கிலோவைத் தலையின் முன்பக்கம் தாங்கியவாறு ஆறு மணி நேரம் அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடப்பது கழுத்துக்கு இழைக்கும் அநீதி. 2023இல் வந்த பிக்ஸ்கிரீன் பியொண்ட் 127 கிராம் மாத்திரமே. ஆயினும் அதற்கு அறைச் சுவரில் தனியே உணரிகளைப் பொருத்த வேண்டும். மூக்குக்கண்ணாடி அணிவோர் தலையணியின் வில்லைக்கு முன்னால் பொருத்தும் பார்வைத்திருத்த வில்லைகளையும் செலவில் சேர்த்துக்கொள்ள வேண்டும். நாற்பதைத் தாண்டிய விமானிகளுக்கு இது மிகவும் பொருந்தும். இவர்களுள் அப்படியானோர் குறைவல்லர்.

இனி, தொடக்கத்தில் கூறிய விடயத்துக்குத் திரும்புவோம். விண்டோஸ் மிக்ஸ்ட் ரியலிட்டி என்ற மேடையை மைக்ரோசொவ்ட் 2017 ஒக்டோபரில் அறிமுகம் செய்தது. ஏசர், டெல், எச்.பி., லெனோவோ, சம்சுங் முதலிய நிறுவனங்கள் அதனை நம்பித் தலையணிகளைத் தயாரித்தன. மலிவான விலை, சுவரில் எதனையும் பொருத்தத் தேவையின்மை என்பன அவற்றின் கவர்ச்சி. எச்.பி. நிறுவனம் வால்வ் நிறுவனத்தோடும் மைக்ரோசொவ்ட்டோடும் இணைந்து உருவாக்கிய ரிவெர்ப் ஜீ2 அவற்றின் உச்சமாயிற்று. மைக்ரோசொவ்ட்டின் சொந்தப் பறப்பு மென்பொருளும் அதற்குப் பொருந்தியிருந்ததால், மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்ற நம்பிக்கையில் பலர் அதனை வாங்கினர். 2023 டிசெம்பரில் அம்மேடை கைவிடப்படவிருப்பதாக அறிவித்தல் வந்தது. பத்து மாதங்களின் பின் 24எச்2 பதிப்பில் அது அடியோடு அகற்றப்பட்டது.

விண்டோஸ் 11இன் முந்திய பதிப்பான 23எச்2 இலேயே நிற்பவர்கள் ஸ்டீம் ஊடாக 2026 நவம்பர் வரை தலையணியைப் பயன்படுத்தலாம் என்று நிறுவனம் கூறியது. ஆனால், வீட்டுப் பாவனையாளர்களுக்கான 23எச்2 பதிப்பின் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 நவம்பர் 11ஆம் திகதியோடு நின்றுவிட்டன. விண்டோஸ் 10இன் பொதுவான ஆதரவு அதற்கு முந்திய மாதமே, ஒக்டோபர் 14இல், முடிவுற்றது. தலையணியைக் காப்பாற்ற விரும்பியவர் வங்கிக் கணக்கும் கடிதங்களும் உள்ள தமது கணினியைப் பாதுகாப்பற்றதாக வைத்திருக்க வேண்டிய நிலை. இதனைத் தெரிவு என்று அழைப்பது சொல்லுக்குச் செய்யும் அநியாயம்.

பழைய தலையணியை வெற்றி கண்ட புதிய தலையணி எதுவும் இங்கே இல்லை என்பது கவனிக்கத்தக்கது. வில்லை தேய்ந்ததாலோ, திரை மங்கியதாலோ இக்கருவிகள் ஓய்வுபெறவில்லை. தொழில்நுட்பம் முன்னேறும்போது பழையன கழிவது இயல்பு என்று கூறப்படுவதுண்டு. ஆனால், கழிவதற்கும் கழிக்கப்படுவதற்கும் இடையே வேறுபாடுண்டு. மைக்ரோசொவ்ட் தரப்பில் ஒரு நியாயமும் உள்ளது: பாவனையாளர் தொகை சிறியது, பராமரிப்புக்கு ஆட்கள் வேண்டும், அதில் வருமானம் இல்லை. அது உண்மையாகவே இருக்கட்டும். பராமரிக்க விரும்பாத மென்பொருளின் நுட்ப விபரங்களையேனும் வெளியிட்டிருந்தால் பிறர் அதனைப் பராமரித்திருப்பார்கள். இக்கூற்று வெறும் ஊகமன்று. 2025 ஓகஸ்டில் அந்நிறுவனத்தின் பொறியியலாளர் ஒருவரே, தமது சொந்த நேரத்தில் தனியொருவராக உருவாக்கிய ஒயாசிஸ் என்னும் இயக்கி மென்பொருளை இலவசமாக ஸ்டீமில் வெளியிட்டார். அதனைக் கொண்டு ரிவெர்ப் ஜீ2 முதலிய தலையணிகள் 24எச்2 பதிப்பிலும் மீண்டும் இயங்கத் தொடங்கின. ஆனால், என்விடியா அட்டைகள் உள்ள கணினிகளுக்கு மாத்திரமே அது பொருந்தியது. ஏ.எம்.டி. அட்டை வைத்திருந்தவர்களின் தலையணி பெட்டிக்குள்ளேயே இருந்துவிட்டது.

பெரு நிறுவனமொன்றின் தயவில் தங்கியிருப்பது இவ்வொரு மேடைக்கு மாத்திரம் உரிய வியாதியுமன்று. 2020 ஒக்டோபரில் ஒக்கியுலஸ் தலையணிகளைப் புதிதாக வாங்கியோர் பேஸ்புக் கணக்கொன்று இல்லாமல் அவற்றைப் பயன்படுத்த முடியாதென விதிக்கப்பட்டது. கடும் எதிர்ப்பின் பின்னர், 2022 ஓகஸ்டில் அதற்குப் பதிலாக மெற்றா கணக்கு என்ற ஏற்பாடு வந்தது. ஆகவே, புதிய தலையணியை ஒப்பிடுவோர் புள்ளிகளையும் வில்லைகளையும் மாத்திரமன்றி, அக்கருவி இயங்க யாருடைய மென்பொருள் வேண்டும், இணையம் இல்லாமலும் கணக்கு இல்லாமலும் அது இயங்குமா, பல நிறுவனங்களுக்குப் பொதுவான ஓபன் எக்ஸ்.ஆர். நியமத்துக்கு அது இணங்குகிறதா என்பவற்றையும் கேட்டறிய வேண்டும். கடைக்காரர் இதற்குப் பெரும்பாலும் பதில் கூறமாட்டார்.

எம் நாட்டவர் எவரேனும் இத்தகைய முடிவை எடுக்க நேரின், நாணயமும் அதில் தலையிடுகிறது. ரிவெர்ப் ஜீ2 வெளிவந்த 2020 நவம்பரில் டொலரின் பெறுமதி 185 ரூபா அளவில் இருந்தது. அக்கணக்கில் அதன் விலை ஒரு இலட்சத்துப் பத்தாயிரம் ரூபா. 2022 நெருக்கடியில் டொலர் 360 ரூபாவைத் தொட்டபோது அதே 599 டொலர் இரண்டு இலட்சத்துப் பதினையாயிரமாகிவிட்டது. வரிகள் வேறு. துபாயிலிருந்தோ இலண்டனிலிருந்தோ வரும் உறவினரின் பயணப்பெட்டியில் வந்திறங்கும் கருவிக்கு உத்தரவாதச் சீட்டும் அங்கேயே தங்கிவிடுகிறது. வடம் பழுதானால்கூட மாற்று வடம் தேடி மாதங்கள் கழியும். அவசரமாகப் புதியது வாங்குவோரை விட, பழையதை மேலும் ஓராண்டு ஓட்டுவோரே இங்கு புத்திசாலிகளாகக் காணப்படுவதற்கு இதுவும் காரணம்.

விமானியாக விரும்பும் பிள்ளையொன்றுக்காகத் தலையணி வாங்க எண்ணும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய ஒரு விடயம் எஞ்சியுள்ளது. தொழில்முறைப் பயிற்சியில் இக்கருவி நுழைந்துவிட்டது உண்மையே. அமெரிக்க விமானப் படை 2018இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஒஸ்ரின் நகரில் மெய்நிகர் தலையணிகளைக் கொண்டு விமானிகளைப் பயிற்றும் பரிசோதனைத் திட்டமொன்றை ஆரம்பித்தது. 2021 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றியத்தின் விமானப் பாதுகாப்பு முகவரகம், சுவிற்சர்லாந்தின் வி.ஆர்.எம். நிறுவனம் தயாரித்த ரொபின்சன் ஆர்22 ஹெலிகொப்டர் சிமுலேட்டருக்கு அங்கீகாரம் வழங்கியது. மெய்நிகர்த் தலையணியை அடிப்படையாகக் கொண்ட பயிற்சிப் பொறியொன்று அங்கு அங்கீகாரம் பெற்றது அதுவே முதற்தடவை. ஹெலிகொப்டர் விபத்துகளில் சுமார் ஐந்திலொரு பங்கு பயிற்சிப் பறப்புகளிலேயே நிகழ்வதால், இயந்திரம் நின்றபின் தரையிறக்குவது போன்ற ஆபத்தான பயிற்சிகளைத் தரையிலேயே செய்ய இது வழி திறப்பதாக முகவரகம் அப்போது சுட்டிக்காட்டியது.

ஆனால், அங்கீகரிக்கப்பட்டது தலையணி அன்று. அசையும் மேடை, உண்மையான கட்டுப்பாட்டுத் தடிகள், மென்பொருள் என்பவற்றோடு கூடிய முழுப் பொறி. வீட்டு மேசையில் எத்தனை நூறு மணி நேரம் பறந்தாலும் அதில் ஒரு மணி நேரத்தைக்கூட விமானியின் பறப்புப் பதிவேட்டில் எழுத முடியாது. நடைமுறை ஒழுங்கையும், வானொலி உரையாடலின் வரிசையையும், ஓடுபாதையைச் சுற்றி வரும் பழக்கத்தையும் பிள்ளை அதில் கற்றுக்கொள்ளும். அவற்றைக் கற்பிக்க 2,000 டொலர் தலையணி வேண்டியதில்லை. ஏற்கெனவே வீட்டிலிருக்கும் ரிவெர்ப் ஜீ2, கணினியில் என்விடியா அட்டையும் இருக்குமாயின், ஒயாசிஸ் இயக்கியை நிறுவியபின் அதற்குப் போதும். கையாலிழுக்கும் கட்டுப்பாட்டுத் தடியையும் காலால் மிதிக்கும் சுக்கான் மிதிகளையும் முதலில் வாங்கிக்கொடுத்து, தலையணியைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம்.